மெக்டவல் கவுண்டில நிலக்கரி தீர்ந்து போகல, ஜனங்க ஏன் போனாங்க?

கேள்வி என்னன்னா, அமெரிக்கால மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல மெக்டவல்னு ஒரு கவுண்டி, 1950ல கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் இருந்த இடம், 2020 சென்சஸ்ல 19 ஆயிரம் பேர்தான், நிலக்கரி தீர்ந்து போனதாலதானே இப்படி ஆச்சுன்னு. தீரல. இன்னைக்கும் அங்க நிலக்கரி எடுக்கறாங்க, அதுவும் ஸ்டீல் ஆலைக்காரங்க தேடி வாங்குற ரகம். நிலக்கரி இருக்கு, அதை எடுக்க ஆள்தான் தேவைப்படல. இந்த ஒரு விஷயத்தை விட்டுட்டு யோசிச்சா அந்த ஊர் கதை முழுக்க தப்பா புரியும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல இடத்தைப் பத்தி. கவுண்டின்னா மாநிலத்துக்குக் கீழ உள்ள நிர்வாகப் பிரிவு, நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம், ஆனா பெரும்பாலும் அளவுல சின்னது. மேற்கு வர்ஜீனியா மேப்பைப் பார்த்தா தெற்கு நுனியில ஒட்டிட்டு இருக்கறதுதான் மெக்டவல், பரப்பு சுமார் 535 சதுர மைல். தெற்குலயும் மேற்குலயும் வர்ஜீனியா மாநிலம், கிழக்குல மெர்சர் கவுண்டி, வடக்குல வயோமிங் கவுண்டி (அதே பேர்ல இருக்கற மாநிலம் இல்ல), வடமேற்குல மிங்கோ. தலைநகரம் வெல்ச். டக் ஃபோர்க்னு ஒரு ஆறு இங்கதான் உற்பத்தியாகுது, எல்க்ஹார்ன், டிரை ஃபோர்க்னு ஓடைங்க வந்து அதுல சேருது, கடைசில பிக் சாண்டி வழியா ஒஹையோ ஆத்துக்குப் போயிடுது.

அப்பலாச்சியன் பீடபூமில இருக்கற இடம் இது. அடுக்கடுக்கா கிடைமட்டமா கிடந்த பாறையை ஓடைங்க லட்சக்கணக்கான வருஷமா அறுத்து அறுத்து செங்குத்தான குன்றும் இடுக்கான பள்ளத்தாக்குமா ஆக்கி வச்சிருக்கு. அந்த இடுக்கை அங்க இருக்கறவங்க ஹாலர்னு சொல்வாங்க. ஒரு ஹாலர்க்குள்ள நின்னு பார்த்தீங்கன்னா நடுவுல ஓடை, அதை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டி ரோடு, ரோட்டை ஒட்டி ஒரே வரிசையா வீடுங்க, வீட்டுக்குப் பின்னாடி நேரா மலை ஏறிடும், இவ்வளவுதான் அகலம். குளிர்காலத்துல வெயில் தரையில படுறதே கொஞ்ச நேரம்தான். சமதரைன்னு ஒண்ணு அங்க ரொம்ப அபூர்வம், இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி நிறைய விஷயத்துக்கு இதுதான் காரணமா வரும்.

கவுண்டியா ஆனது 1858ல, அப்ப அது வர்ஜீனியாவோட டாஸ்வெல் கவுண்டியில இருந்து பிரிச்சது, வர்ஜீனியா கவர்னரா இருந்த ஜேம்ஸ் மெக்டவல் பேரை வச்சாங்க. உள்நாட்டுப் போர் நடுவுல 1863ல மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானப்போ இதுவும் கூடப் போச்சு. 1860ல மொத்த ஜனத்தொகை 1,535. ஓடைக்கரையில கொஞ்சம் சோளம், காட்டுல மேயற பன்னி, வேட்டைன்னு வாழ்ந்த குடும்பங்கதான். 1880லயும் 3,074 பேர்தான் இருந்தாங்க. ரோடு கிடையாது, ரயில் கிடையாது, வெளியாளுங்க வந்து போக ஒரு காரணமும் கிடையாது.

காரணம் மண்ணுக்கடியில இருந்துச்சு. 1870கள்ல ஜெடிடையா ஹாட்ச்கிஸ்னு ஒருத்தர், போர்ல தெற்குப் படைக்கு மேப் போட்டுக் கொடுத்தவர், இந்தப் பக்கம் பெரிய நிலக்கரிப் படிவம் இருக்குன்னு முதலீட்டாளருங்ககிட்ட சொல்லிட்டே இருந்தாரு. அவருக்காக நேர்ல வந்து சர்வே பண்ணவர் ஐசையா வெல்ச், இவர் பேர்தான் தலைநகரத்துக்கு. அந்தப் படிவத்துக்கு போகஹான்டஸ் நம்பர் 3ன்னு பேர். சாம்பல் கம்மி, கந்தகம் கம்மி, எரிஞ்சா புகை ரொம்பக் கம்மி, அதனால புகையில்லா நிலக்கரின்னே வித்தாங்க. நிலக்கரில ஓடுன போர்க்கப்பல் காலத்துல புகை கம்மின்னா எதிரிக் கண்ணுக்கு தூரத்துல இருந்தே தெரியாதுன்னு அர்த்தம், அதனால அமெரிக்கக் கடற்படை இதை விரும்பி வாங்குச்சு. இன்னொரு பக்கம் ஸ்டீல் உருக்குறதுக்கு வேண்டிய கோக், அதாவது நிலக்கரியைக் காத்து படாம சுட்டு எடுக்கற எரிபொருள், இதுல அருமையா வரும். எடுக்கறதும் சுலபம், ஏன்னா ஓடை மலையை அறுத்த இடத்துல படிவம் மலைச்சரிவிலேயே வெளிய தெரியும், ஆழமா குழி தோண்டாம பக்கவாட்டுல நேரா உள்ள போயிடலாம். ஆழமான ஷாஃப்ட் சுரங்கமெல்லாம் பின்னாடி வந்தது.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி 1888ல மலையைக் குடைஞ்சு எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குக்குள்ள வந்துச்சு, 1892ல பாதை ஒஹையோ வரைக்கும் போயிடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததை எண்ணிக்கைல பார்த்தாலே போதும்: 1890ல 7,300, 1900ல 18,747, 1910ல 47,856, 1920ல 68,571, 1930ல 90,479, 1950ல 98,887. எழுபது வருஷத்துல முப்பது மடங்குக்கு மேல.

இந்த ஜனங்க யாரு, எங்க இருந்து வந்தாங்கன்னு பார்க்கறதுதான் எனக்கு இந்தக் கதையில பிடிச்ச பகுதி. அமெரிக்க கிராமம்னாலே வெள்ளைக்காரங்க மட்டும் இருக்கற இடம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மெக்டவல் அப்படி இருந்ததே இல்ல. ஹங்கேரி, இத்தாலி, போலந்துன்னு ஐரோப்பால இருந்து கப்பல் ஏறி வந்தவங்க ஒரு பக்கம், வர்ஜீனியா, கரோலினா, அலபாமான்னு தெற்கு மாநிலங்கள்ல குத்தகை விவசாயத்துல மாட்டிட்டு இருந்து தப்பிச்சு வந்த கறுப்பின மக்கள் இன்னொரு பக்கம். 1910ல கவுண்டியோட ஜனத்தொகைல சுமார் 30 சதவீதம் கறுப்பினத்தவர். அவங்க இங்க வந்ததுக்கு சம்பளம் மட்டும் காரணம் இல்ல. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத்தவர் ஓட்டுரிமையை சட்டம் போட்டு பிடுங்கிட்டு இருந்த அதே காலத்துல மேற்கு வர்ஜீனியால அவங்க ஓட்டு போட முடிஞ்சுது. பள்ளிக்கூடம் தனித்தனிதான், கம்பெனி குடியிருப்புலயும் தெரு தனித்தனிதான், அதை மறைக்க வேண்டாம், ஆனா ஓட்டு இருந்ததால பேரம் பேச முடிஞ்சுது. கவுண்டிக்குள்ள இருக்கற கீஸ்டோன்ங்கிற ஊர்ல இருந்து மெக்டவல் டைம்ஸ்னு ஒரு கறுப்பினப் பத்திரிகை வந்துச்சு, அதோட ஆசிரியர் விட்டிகோ இந்த இடத்தை 'மெக்டவல் சுதந்திர நாடு'ன்னே எழுதுவாரு. 1928ல மினி பக்கிங்ஹாம் ஹார்ப்பர்ங்கிற அம்மா, சட்டசபை உறுப்பினரா இருந்த கணவர் இறந்ததும் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டாங்க, அமெரிக்காவிலேயே ஒரு சட்டசபையில உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவங்கதான். அதே வருஷம் கிம்பால் ஊர்ல முதல் உலகப் போர்ல பங்கெடுத்த கறுப்பின வீரர்களுக்கு ஒரு நினைவு மண்டபம் திறந்தாங்க, அவங்களுக்காக நாட்டுல கட்டின முதல் மண்டபம் அது. 1991ல தீப்பிடிச்சு வெறும் சுவரா நின்னுச்சு, அப்புறம் திரும்பக் கட்டி எழுப்பிட்டாங்க, அந்தப் பக்கம் போறவங்க கட்டாயம் பார்க்கணும்.

வேலை எப்படி இருந்துச்சுன்னா, வீடு கம்பெனியோடது, கடை கம்பெனியோடது, டாக்டர் கம்பெனி ஆள், சில இடத்துல சர்ச் கட்டடமும் கம்பெனி கட்டினது. சம்பள நாளுக்கு முன்னாடி காசு வேணும்னா ஸ்க்ரிப்னு கம்பெனி பேர் பொறிச்ச வில்லையைக் கொடுப்பாங்க, அது அந்தக் கம்பெனி கடையில மட்டும்தான் செல்லும். வேலை போச்சுன்னா வீடும் போச்சு, சாமானோட ரோட்டுக்கு வரணும். கேரின்னு ஒரு ஊர், யு.எஸ். ஸ்டீல் கம்பெனி தலைவர் எல்பர்ட் கேரி பேர்ல, அங்க வரிசையா நம்பர் போட்ட சுரங்கமும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குடியிருப்பும் இருந்துச்சு. சாவும் கூடவே இருந்துச்சு. 1940 ஜனவரி 10ஆம் தேதி பார்ட்லி சுரங்க வெடிப்புல மட்டும் 91 பேர் போயிட்டாங்க.

யூனியன் பக்கமும் சொல்லணும். பக்கத்து மிங்கோ கவுண்டியில மேட்வன்ங்கிற ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு, கம்பெனிங்க கூலிக்கு வச்ச பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஏஜென்சி ஆளுங்களை எதிர்த்து 1920 மே மாசம் நடந்த துப்பாக்கிச் சண்டையில தொழிலாளிங்க பக்கம் நின்னவர். அவரை வேற ஒரு கேஸ்ல வெல்ச் கோர்ட்டுக்கு வரவழைச்சாங்க. 1921 ஆகஸ்ட் 1, அவரும் நண்பர் எட் சேம்பர்ஸும் கையில ஆயுதம் இல்லாம, கூட மனைவிங்களோட, கோர்ட் படி ஏறிட்டு இருக்கும்போது படி மேல காத்திட்டு இருந்த ஏஜென்சி ஆளுங்க சுட்டுக் கொன்னாங்க. பட்டப்பகல்ல, கோர்ட் வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி நடந்த இந்தக் கொலைக்கு யாருக்கும் தண்டனை கிடைக்கல. அந்தக் கோபம்தான் அதே மாசக் கடைசியில பத்தாயிரம் தொழிலாளிங்க துப்பாக்கியோட கிளம்பின பிளேர் மலைப் போராட்டமா வெடிச்சுது, ராணுவம் வந்துதான் அடங்குச்சு. இங்க யூனியன் நிலையா கால் ஊனினது 1933க்கு அப்புறம்தான். அந்தக் கோர்ட் கட்டடமும் படியும் இன்னும் இருக்கு.

உச்சத்துல வெல்ச் எப்படி இருந்துச்சுங்கிறதுக்கு ஒரே ஒரு உதாரணம், 1941ல நகராட்சியே சொந்தமா பல மாடி கார் பார்க்கிங் கட்டடம் ஒண்ணு கட்டுச்சு, நகராட்சி நடத்துனதுல நாட்டுலயே அதுதான் முதல்னு சொல்வாங்க. ஏன் மாடி கட்டினாங்க? சமதரை இல்ல. அத்தனை கார், அத்தனை கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடையாது, மேல போறதைத் தவிர வழியில்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். 1950ல 98,887, 1960ல 71,359, 1970ல 50,666. இருபதே வருஷத்துல பாதி. அந்த சமயத்துல நிலக்கரி குறையல. கன்டினியூயஸ் மைனர்னு ஒரு மெஷின் 1948ல சந்தைக்கு வந்துச்சு, வெட்டுறது, அள்ளுறது, பின்னாடி தள்ளுறது எல்லாத்தையும் அதுவே பண்ணும், அது வரைக்கும் ஆளுங்க துளை போட்டு வெடி வச்சு மண்வெட்டியால அள்ளிட்டு இருந்த வேலை. 1950ல யுனைடெட் மைன் வொர்க்கர்ஸ் யூனியன் தலைவர் ஜான் எல். லூயிஸ் கம்பெனிங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு, சம்பளம் ஏறும், ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவுன்னு தொழிலாளர் நல நிதிக்குப் பணம் வரும், பதிலுக்கு மெஷின் வர்றதை யூனியன் தடுக்காது. வேலையில மிஞ்சினவங்களுக்கு நல்ல சம்பளம், பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாம் கிடைச்சுது, ஆனா மிஞ்சினவங்க கொஞ்சம் பேர்தான். அவர் பண்ணது சரியா தப்பான்னு இன்னைக்கும் வாக்குவாதம் இருக்கு. என் கணக்குல, மெஷின் எப்படியும் வந்திருக்கும், ஆனா வேலை போறவங்களுக்கு என்ன வழின்னு அந்த ஒப்பந்தத்துல ஒரு வரி கூட யோசிக்காம விட்டது பெரிய குறை. முதல்ல வேலை போனது கையால அள்ளுறவங்களுக்கு, அதுல கறுப்பினத் தொழிலாளிங்க நிறைய பேர், மெஷின் ஓட்டுற வேலைக்கு அவங்களைப் பெரும்பாலும் எடுக்கவும் இல்ல.

அதே நேரத்துல வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு போய் கேஸும் எண்ணெயும் வந்துச்சு, ரயில் இன்ஜின் டீசலுக்கு மாறுச்சு. ஜனங்க டெட்ராய்ட் கார் ஃபேக்டரிக்கும் ஒஹையோ ரப்பர், ஸ்டீல் ஆலைகளுக்கும் குடும்பம் குடும்பமா கிளம்பினாங்க. போனது பெரும்பாலும் வயசுப் பசங்க, கல்யாண வயசுல இருக்கறவங்க, அதனால அடுத்த தலைமுறை பிறக்க வேண்டியதும் அங்கயே போய் பிறந்துச்சு. வெறும் இடப்பெயர்வுன்னு சொல்லும்போது இந்த ரெண்டாவது இழப்பு கணக்குல தெரியாது. இன்னைக்கு அங்க பிறப்பை விட இறப்பு அதிகம்.

மிஞ்சினவங்க நிலைமை எவ்வளவு மோசமாச்சுன்னா, 1960ல கென்னடி பிரச்சாரத்துக்கு மேற்கு வர்ஜீனியா வந்து இதையெல்லாம் நேர்ல பார்த்துட்டுப் போனாரு, ஜனாதிபதியானதும் போட்ட முதல் உத்தரவே ஏழைக் குடும்பங்களுக்கு உணவு கொடுக்கறதை அதிகப்படுத்தறதுதான். 1961 மே 29ஆம் தேதி சோதனைத் திட்டமா உணவு ஸ்டாம்ப், அதாவது கடையில கொடுத்து சாப்பாட்டு சாமான் வாங்கிக்கற கூப்பன், கொடுக்க ஆரம்பிச்சது இதே வெல்ச்ல. வேலையில்லாத ஒரு சுரங்கத் தொழிலாளி, வீட்டுல 13 பிள்ளைங்க, அவருக்கு 95 டாலர் மதிப்புள்ள ஸ்டாம்பை விவசாயத் துறை அமைச்சர் ஃப்ரீமேனே நேர்ல வந்து கொடுத்தாரு, அந்தக் குடும்பம் ஊர் சூப்பர்மார்க்கெட்ல அதை வச்சு சாமான் வாங்குச்சு. இன்னைக்கு கோடிக்கணக்கான அமெரிக்கருங்க நம்பி இருக்கற திட்டம் 1964ல சட்டமாச்சு, அதோட ஆரம்பம் இங்கதான்.

1970கள்ல எண்ணெய் விலை ஏறினதால நிலக்கரிக்கு கொஞ்சம் உயிர் வந்துச்சு, 1980ல 49,899, அதாவது பத்து வருஷம் சரிவு கிட்டத்தட்ட நின்னுச்சு. அப்புறம் அமெரிக்க ஸ்டீல் தொழிலே ஆட்டம் கண்டுச்சு. 1986ல யு.எஸ். ஸ்டீல் இங்க இருந்த சுரங்கங்களை மூடிட்டுப் போச்சு, 1,200 பேருக்கு மேல வேலை போச்சு. 1990ல 35,233, 2000ல 27,329, 2010ல 22,113, 2020ல 19,111.

சரி, நிலக்கரி வேலை இல்லன்னா வேற தொழில் வர வேண்டியதுதானேன்னு அடுத்த கேள்வி வரும். அங்கதான் நிலம் யார் கையிலங்கிறது வருது, என்னைப் பொறுத்தவரைக்கும் மெஷினை விடப் பெரிய காரணம் இதுதான். ரயில் வர்றதுக்கு முன்னாடியும் வந்த கையோடவும் வெளியூர் முதலீட்டாளருங்க மலை மலையா நிலத்தையும் சுரங்க உரிமையையும் சல்லி விலைக்கு வாங்கிட்டாங்க. பின்னாடி ரயில் கம்பெனியோட துணை நிறுவனமான போகஹான்டஸ் லேண்ட் கார்ப்பரேஷன் மாதிரி நில நிறுவனங்க கையில அது மொத்தமா இருந்துச்சு, சுரங்கம் நடத்துறவங்களே அவங்ககிட்ட குத்தகைக்குத்தான் எடுத்தாங்க. அங்க நாலு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு வீடு இருக்கற துண்டு நிலம் கிடைச்சாலே பெரிசு. அமெரிக்கால பள்ளிக்கூடத்துக்கும் கவுண்டி செலவுக்கும் சொத்து வரி ரொம்ப முக்கியம், நிலத்தோட மதிப்பைக் கம்மியா காட்டினா வரியும் கம்மி. ஒரு தொழிற்சாலை வரணும்னா சமதரை வேணும், இருக்கற கொஞ்சத்தையும் ரயிலும் ரோடும் எடுத்துக்கிச்சு. இன்டர்ஸ்டேட்னு சொல்ற அதிவேக நெடுஞ்சாலை எதுவும் கவுண்டிக்குள்ள வரல, யு.எஸ். 52ங்கிற வளைஞ்சு வளைஞ்சு போற ரோடுதான் பிரதானம், கோல்ஃபீல்ட்ஸ் எக்ஸ்பிரஸ்வேன்னு ஒரு நாலு வழிப்பாதை பல வருஷமா துண்டு துண்டா கட்டிட்டு இருக்காங்க.

ஓடையை ஒட்டித்தான் எல்லாரும் வாழணும்ங்கிறதால வெள்ளம் வந்தா தப்பிக்க இடமில்ல. 2001 ஜூலை ஒரு பெரு வெள்ளம், வீட்டைத் துடைச்சு காய வச்சு முடிக்கறதுக்குள்ள 2002 மே மாசம் இன்னொண்ணு, நிறைய பேர் அந்த ரெண்டாவது வெள்ளத்தோட கிளம்பிட்டாங்க. 2025 பிப்ரவரியில திரும்பவும் பெருசா வந்து உயிர்ச்சேதமும் ஆச்சு. கிம்பால்ல இருந்த வால்மார்ட் 2016 ஜனவரியில மூடினப்போ சாமான் வாங்குற இடமும் போச்சு, நூத்துக்கும் மேல வேலையும் போச்சு. வலி மாத்திரை அடிமைத்தனம் நாட்டுல ரொம்ப மோசமா வாட்டின இடங்கள்ல இதுவும் ஒண்ணு, சுரங்கத்துல முதுகு ஒடிஞ்சவங்களுக்கு மருந்தா வந்தது ஊரையே சாப்பிட்டுச்சு. 2013 வாக்கில வந்த ஆய்வுல இங்க ஆண்களோட சராசரி ஆயுள் 64 வயசுகிட்ட, நாட்டுலயே கடைசி. மூணுல ஒரு பங்கு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழ.

2020 எண்ணிக்கையிலயும் ஒரு விஷயம் கவனிக்கணும். வெல்ச் பக்கத்துல 2010ல ஒரு மத்திய அரசு சிறை திறந்தாங்க, சென்சஸ்ல கைதிங்களை அவங்க ஊர்ல எண்ண மாட்டாங்க, சிறை இருக்கற இடத்துல எண்ணுவாங்க. அதனால 19,111ல ஒரு பகுதி அங்க வாழணும்னு வந்தவங்களே இல்ல. 2020க்கு அப்புறம் வர்ற மதிப்பீடுங்க இன்னும் கீழதான் போகுது.

செத்த ஊர்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, எனக்கு அது ரொம்பக் கோபம் வர்ற வார்த்தை. கோல்வுட்னு ஒரு சுரங்க ஊர்ல ராக்கெட் விட்டு விளையாடி 1960ல தேசிய அறிவியல் போட்டியில பதக்கம் வாங்கின பசங்கள்ல ஒருத்தர் ஹோமர் ஹிக்கம், பின்னாடி நாசா இன்ஜினியர் ஆனவர், அது இந்தக் கவுண்டிதான். டிவி தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி பிறந்தது வெல்ச்ல. இப்ப பழைய சுரங்கப் பாதைகள்ல ஹாட்ஃபீல்டு-மெக்காய் டிரெயில்ஸ்னு நாலு சக்கர மலை வண்டி ஓட்ட வர்றவங்களால லாட்ஜ், சாப்பாட்டுக் கடைன்னு கொஞ்சம் வருமானம் வருது. ஆசிரியருங்க தங்க வீடு கிடைக்காம வேலையை விட்டுட்டுப் போறதைப் பார்த்து வெல்ச்ல அவங்களுக்காகவே அபார்ட்மென்ட் கட்டியிருக்காங்க, அது சரியான இடத்துல கை வச்ச வேலை.

திரும்ப ஜனம் ஏறுமான்னா, 99 ஆயிரம்ங்கிற எண் திரும்ப வராது, வரணும்னு எதிர்பார்க்கறதும் நியாயம் இல்ல, அது மண்வெட்டிக்கு ஆள் தேவைப்பட்ட காலத்து எண். இருக்கற ஜனம் நிக்கணும்னா முதல்ல தண்ணி வேணும். கம்பெனிங்க நூறு வருஷம் முன்னாடி போட்ட குழாயை அப்படியே விட்டுட்டுப் போனாங்க, கீஸ்டோன் மாதிரி ஊர்ல வருஷக்கணக்கா தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கணும்னு நோட்டீஸ் இருந்துச்சு, சில ஹாலர்ல மலையில இருந்து ரோட்டோரம் குழாய்ல வடியற தண்ணியை கேன் கேனா பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போறாங்க, கழிவு நேரா ஓடைக்குப் போற வீடும் இருக்கு. புதுக் குழாய் வேலை ஊர் ஊரா மெதுவா நடந்துட்டு இருக்கு, செலவு அதிகம், ஏன்னா மலையில ஒவ்வொரு ஹாலருக்கும் தனியா லைன் இழுக்கணும், ஒரு லைன்ல இருக்கற வீடோ ரொம்பக் கொஞ்சம். ஆள் குறைய குறைய ஒரு வீட்டுக்கு ஆகற செலவு ஏறுது, செலவு ஏறுதுன்னு வேலையைத் தள்ளிப் போட்டா இன்னும் நாலு குடும்பம் கிளம்பிடுது.